தேக்குக் கப்பலுக்குத் தேக்கு வேண்டாம்!

எங்கள் மொட்டை மாடி ஷெட்டில் இரண்டு கப்பல்கள் இருக்கின்றன. ஒன்று வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்கிறது. இன்னொன்று பாதி கட்டியபடி நிற்கிறது. முதல் கப்பல் ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொள்ள அப்பாவுக்கும் எனக்கும் எட்டு மாதம் ஆனது. மரத்தில் பாய்மரக் கப்பல் மாடல் செய்ய ஆசைப்படும் யாருக்காவது அந்த எட்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இந்த வாரப் பகுதி.

அப்பா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முதல் மூன்று மாதம் வாட்ஸ்அப், அடுத்த மூன்று மாதம் யூடியூப். அந்த நேரத்தில்தான் ஊரில் தாத்தா வீட்டை இடித்தார்கள். சித்தப்பாக்கள் ஓட்டையும் தூணையும் எடுத்துக்கொள்ள, அப்பா பங்குக்கு வந்தது வாசல் கதவின் இரண்டு பலகைகள். நல்ல பழந்தேக்கு. "இதை விக்கவும் மாட்டேன், விறகாக்கவும் மாட்டேன். இதுல ஏதாவது செய்யணும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி போனை நீட்டினார். திரையில் ஒரு கப்பல். "தேக்குலயே கட்டின கப்பல்மா இது. நம்ம பக்கத்துல கட்டினது!"

அந்தக் கப்பலின் பெயர் ஹெச்.எம்.எஸ். ட்ரிங்கோமாலி. இலங்கையின் திருக்கோணமலைத் துறைமுகத்தின் பெயர்தான். பிரிட்டிஷ் கடற்படைக்காக பம்பாயில், வாடியா குடும்பத்தார் கட்டிய போர்க்கப்பல். அப்போது இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் மலபார் தேக்கு. 1816-ல் அடிக்கட்டை வைத்தபோது பார்சி வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் கடலில் இறங்கியது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்னும் தண்ணீரில் மிதப்பவற்றில் இதுதான் மிகப் பழையது.

தேக்குக் கப்பல், கையில் தாத்தா வீட்டுத் தேக்கு. அப்பா முடிவு செய்துவிட்டார்.

முதல் தப்பு: கதவு மரம்

1-க்கு 64 என்ற அளவில் செய்வதாகத் திட்டம். அதாவது நிஜத்தில் 64 அடி என்றால் மாடலில் 1 அடி. கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம். மாடலில் அது 28 அங்குலம். பெரிய ஹால் டீப்பாய் மேல் அடங்கும்.

அப்பா கதவுப் பலகையை மரக்கடையில் கொடுத்து, 5 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டைகளாக அறுத்து வாங்கி வந்தார். அறுத்துக் கொடுத்தவர், "சார், இதுக்கு பிளேடு போச்சு" என்று தனியாக நூறு ரூபாய் கேட்டாராம். தேக்கில் மணல் சத்து உண்டு. ரம்பத்தின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பட்டைகளை ஒட்டி முடித்த முதல் சதுர அடியைப் பார்த்ததும் எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பளபளப்பு இருக்கிறது, நிறம் இருக்கிறது. ஆனால் கப்பல் மாதிரி இல்லை. கதவுத் துண்டு மாதிரியே இருந்தது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

தேக்கில் கண்ணுக்குத் தெரிகிற துளைகள் உண்டு. கோடு கோடாக ஓடும். ஒரு துளையின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர். அதாவது உங்களைக் குட்டி மனிதனாகச் சுருக்கி அந்த மாடலின் பக்கத்தில் நிறுத்தினால், பலகை முழுக்க விரல் நுழையும் பள்ளங்கள் தெரியும். நிஜக் கப்பலின் தேக்கில் அப்படியா இருக்கும்? நாம் கப்பலைச் சுருக்கிவிட்டோம், மரத்தை யாரால் சுருக்க முடியும்?

மாடல் கப்பலுக்கு மரம் தேர்ந்தெடுப்பதில் இதுதான் அடிப்படை. நிஜக் கப்பலில் என்ன மரம் என்பது முக்கியமே இல்லை. ரேகை கண்ணுக்குத் தெரியாத, துளை இல்லாத, நெருக்கமான மரம் வேண்டும். ஓக்கில் கட்டிய கப்பலுக்குக்கூட ஓக்கில் மாடல் செய்ய மாட்டார்கள். 17-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்காக 1-க்கு 48 அளவில் செய்த மாடல்கள் இன்றும் கிரீனிச் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் அமெரிக்காவின் அனாபொலிஸிலும் இருக்கின்றன. கப்பல் ஓக், மாடல் பேரிக்காய் மரமும் பாக்ஸ்வுட்டும். நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் அடைபட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள் இன்னொரு படி மேலே போனார்கள். சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் சீவி, கப்பல் செய்து, சந்தையில் விற்றார்கள். எலும்பில் ரேகையே கிடையாதே!

தேக்கின் எண்ணெய்ப் பசையும் எங்களைப் படுத்தியது. வெள்ளைப் பசை போட்டு ஒட்டிய பட்டை மறுநாள் விரலோடு வந்தது. ஒட்டும் முன் பட்டையை ஸ்பிரிட்டில் துடைத்தால் ஓரளவு பிடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. கூடவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூளில் அப்பாவின் முழங்கைவரை அரிப்பு, ராத்திரியெல்லாம் இருமல். "கப்பல் ஓட்டுறாராம், மூச்சு ஓடலை" என்று அம்மா ஷெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். எந்த மரத்தூளானாலும் மாஸ்க் போடுங்கள். தேக்குத் தூளுக்குக் கட்டாயம் போடுங்கள்.

இரண்டாவது தப்பு: ஒரு பக்கமாக ஒட்டியது

கப்பல் வளைந்ததற்கு மரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அது முழுக்க எங்கள் அவசரம்.

மாடலின் உடம்பு எப்படி உருவாகும் என்றால், மீனின் எலும்பை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முதுகெலும்பு மாதிரி நீளமான அடிக்கட்டை. அதில் வெட்டிய காடிகளில் குறுக்கே 'ப்ளைவுட்' தடுப்புகள், ஒவ்வொன்றும் கப்பலின் அந்த இடத்து உருவத்தில். அதன் மேல் பட்டைகளை வரிசையாக ஒட்டினால் தோல். முதலில் இந்தத் தடுப்புகளின் ஓரத்தைச் சரிவாக இழைக்க வேண்டும். மெல்லிய ஒரு பட்டையை முன்னிருந்து பின்வரை படிய வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடுப்பிலும் அது முழு முகமாகப் படிய வேண்டும், வெறும் நுனியில் தொடக் கூடாது. இந்த வேலைக்கு எங்களுக்கு இந்த முறை மூன்று வாரம் ஆனது. முதல் முறை ஒரு மதியத்தில் முடித்திருந்தோம்!

முதல் கப்பலில், அப்பா வலப்பக்கம் முழுவதையும் ஒட்டி முடித்துவிட்டு இடப்பக்கம் போகலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஒரு பக்கம் முடிந்தால் பார்க்க ஒரு திருப்தி இருக்குமே! ஆனால் வளைத்து ஒட்டிய ஒவ்வொரு பட்டையும் நிமிரத்தான் பார்க்கும். இருபது பட்டைகள் ஒரே பக்கம் இழுத்தால், மெல்லிய ப்ளைவுட் முதுகெலும்பு என்ன செய்யும்? வலப்பக்கத்தில் ஒன்று, உடனே இடப்பக்கத்தில் ஒன்று. அப்படித்தான் ஒட்ட வேண்டும். இதை யாராவது ஒருவர் முதலிலேயே சொல்லியிருந்தால் தாத்தா வீட்டுக் கதவில் பாதி இன்னும் மிஞ்சியிருக்கும்.

வளைந்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டால் கப்பலை மூடிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் மாடிக்கே போகவில்லை. கதவைத் தனக்குக் கொடுத்திருக்கவே கூடாது, சின்னத் தம்பி கேட்டபோதே கொடுத்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

மறுபடியும், சின்னதாக

மரக்கடையில் வேலை பார்க்கும் வயதான ஆசாரி ஒருவர்தான் திருப்பம். உடைந்த பட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "பொம்மைக்குப் போற மரத்துல செய்ங்க சார், வெப்பாலை கெடைச்சா விடாதீங்க" என்றார். சென்னப்பட்டணம் மரப்பொம்மைகள் இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. தந்தம் மாதிரி வெளுப்பு, நெருக்கமான ரேகை, உளிக்கு வெண்ணெய் மாதிரி. மஞ்சக்கடம்பும் இதே குணம்தான், கொஞ்சம் மஞ்சள். இரண்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் வெயில் காலத்தில் ஒவ்வொரு பட்டையும் விரிந்து நிற்கும். இதெல்லாம் கிடைக்காத ஊரில் இருக்கிறீர்களா? கைப்பழக்கத்துக்கு ஐஸ்க்ரீம் குச்சியில் ஆரம்பியுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை. வளைப்பது, ஒட்டுவது, இழைப்பது மூன்றையும் அதில் கற்றுக்கொள்ளலாம், உடைந்தால் நஷ்டம் இல்லை.

மூன்று பாய்மரக் கப்பலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒரு படகு செய்தோம். பெரிய கப்பல்கள் தம்மோடு தூக்கிச் செல்லும் துடுப்புப் படகு, 26 அடி. 1-க்கு 48 அளவில் ஆறரை அங்குலம்தான். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற பெரும்பாலானோர் செய்யும் தப்பு, முதல் மாடலாகவே நூறு பீரங்கிக் கப்பல் கிட்டை வாங்குவது. பல பரண்களில் அந்தப் பெட்டிகள் பாதியில் கிடக்கின்றன. படகு என்றால் இரண்டு மாதத்தில் ஏதாவது ஒன்று முழுசாகக் கையில் இருக்கும்.

பட்டையை வளைக்கும் வித்தையும் படகில்தான் கைவந்தது. வெந்நீரில் இருபது நிமிடம் ஊற வைத்து, என் பழைய ஹேர் கர்லரைச் சூடாக்கி அதன் மேல் மெதுவாக வளைத்தோம். தண்ணீர் சூட்டில் மரம் இளகும், ஆறியதும் அந்த வடிவத்தில் நிற்கும். தடிமனான துண்டை அம்மாவின் பழைய இட்லிப் பானையில் ஆவி காட்டினோம். (அந்தப் பானை இப்போது மாடிக்கே குடிவந்துவிட்டது.) ஆனால் வளைத்த உடனே ஒட்டாதீர்கள். ஈர மரம் ஊதியிருக்கும். ஒட்டிய பிறகு காய்ந்து சுருங்கினால் பட்டைகளுக்கு நடுவே நகம் நுழையும் சந்து விழும். துணி கிளிப் போட்டு ஒரு ராத்திரி காய விட்டு, மறுநாள் ஒட்டுங்கள்.

இன்னொரு சிக்கல், பட்டையின் அகலம். கப்பலின் நடுவயிறு பெருத்தது, அணியம் ஒடுங்கியது. அணியம் என்றால் நம் மீனவர்கள் படகின் முன்முனைக்குச் சொல்லும் பெயர். நடுத் தடுப்பின் ஓரத்தை ஒரு காகிதப் பட்டையால் அளந்தால் 120 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர் பட்டை என்றால் 24 வரிசை. அதே 24 வரிசையும் அணியத்தில் 84 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பட்டையையும் அந்த முனையில் மூன்றரை மில்லிமீட்டருக்குக் குறுக்கிச் சீவ வேண்டும். சீவாமல் அமுக்கி ஒட்டினால் பட்டை எழும்பிக்கொண்டு நிற்கும். அணியத்தில் பாதி அகலத்துக்கும் கீழே குறுக வேண்டி வந்தால் ஒரு வரிசையையே குறைத்துவிடுவது நல்லது. பின்பக்கம் நேர்மாறு, அங்கே இடம் விரியும், ஆப்பு வடிவில் சின்னத் துண்டு சேர்க்க வேண்டியிருக்கும்.

படகு முடிந்த அன்று அப்பா அதை டிவி பக்கத்தில் வைத்தார். மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

இப்போது கட்டுவது மறுபடியும் ட்ரிங்கோமாலி. வெப்பாலையில். நல்ல வரைபடம் வாங்குவதற்காக மட்டும் காத்திருந்தோம், அதில் அவசரப்படவில்லை. நிஜக் கப்பலுக்கே அந்தக் கஷ்டம் வந்திருக்கிறது. பம்பாய்க்கு வரைபடத்தை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பல் 1812 டிசம்பரில் பிரேசில் பக்கம் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷனிடம் தோற்று அழிந்தது. மறுபடியும் இங்கிலாந்திலிருந்து பிரதி வரும்வரை வேலை தள்ளிப்போனது. இதைச் சொன்னபோது, "நமக்கு கூரியர்காரன் மட்டும்தான் எதிரி" என்றார் அப்பா.

தளத்துப் பட்டைகளின் ஓரத்தில் பென்சிலால் கறுப்புத் தீட்டி ஒட்டினால் போதும், பலகைச் சந்தில் கீல் அடைத்தது மாதிரியே தெரியும். பெயின்ட் வேண்டாம், அது கசியும். மர ஆணிகளுக்கு எங்கள் கண்டுபிடிப்பு ஊதுபத்திக் குச்சி! மூங்கில்தானே. ஓர் இரும்புத் தகட்டில் வரிசையாகச் சிறிதாகிக்கொண்டே போகும் துளைகள் போட்டு, குச்சியைப் பிளந்து ஒவ்வொரு துளை வழியாகவும் இழுத்தால் அரை மில்லிமீட்டர் வரை மெலியும். 64-ஆல் பெருக்கிப் பாருங்கள், 32 மில்லிமீட்டர். நிஜ மர ஆணியின் அளவுக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு பட்டைக்கு இருபது, முப்பது ஆணி என்றால் மொத்தம் எத்தனை என்று கணக்குப் போட வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

கயிறு வேலையில் அம்மாதான் கெட்டிக்காரர். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளின் குறுக்கே ஏணிப்படி மாதிரிச் சின்னக் கயிறுகள் கட்ட வேண்டும். நிஜத்தில் ஓர் அடிக்குச் சற்று அதிக இடைவெளி, மாடலில் 5 மில்லிமீட்டர். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. பின்னால் கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு நான் பத்து முடிச்சுப் போட்டேன், பத்தும் பத்து உயரம். ஒத்திகைக்காகச் செய்த மரச்சட்டத்தை அம்மா வாங்கிப் பார்த்தார். "பூ கட்டுற முடிச்சுதான்டி, கூட ஒரு சுத்து." மல்லிகை கட்டிய விரல்கள், ஒரு சீரியல் முடிவதற்குள் ஐந்து வரிசை. இறுக்கி இழுக்காமல் கட்டுகிறார். அதுதான் ரகசியம், இறுக்கினால் பக்கத்துக் கயிறுகள் உள்ளே வளைந்துவிடும்.

நூலில் நைலான் வேண்டாம், தொய்ந்துவிடும். பருத்தி நூலில் பஞ்சு பறக்கும்; தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் அடங்கும். பாய்மரத்தை நிலையாகப் பிடிக்கும் கயிறுகள் கறுப்பு, ஏனென்றால் நிஜத்தில் அவற்றுக்குத் தார் பூசுவார்கள். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வைக்கோல் நிறம். பாய்த்துணி வைப்பதா வேண்டாமா என்பதில் வீட்டில் இன்னும் சண்டை. என் கட்சி, வேண்டாம். எவ்வளவு மெல்லிய மல் துணியானாலும் 64-ல் ஒன்றுக்குச் சுருக்கிய கப்பலில் சாக்குப் பை மாதிரிதான் தெரியும். தேக்கில் பட்டது போதாதா?

கடைசியாகக் கண்ணாடிப் பெட்டி. தூசிக்குப் பெட்டி கட்டாயம், ஆனால் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது. ஓக்கும் ப்ளைவுட்டும் மெதுவாக அமில ஆவியை விடும். உள்ளே ஈயத்தில் வார்த்த பீரங்கி, நங்கூரம் இருந்தால் வருடங்கள் போகப் போக அவை வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். பெரிய அருங்காட்சியகங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. பித்தளையில் வாங்குங்கள், பெட்டியின் அடியில் நாலு துளை விடுங்கள்.

தாத்தா வீட்டுத் தேக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மிஞ்சிய துண்டில் கப்பல் உட்காரும் பீடத்தை அப்பா இழைத்துவிட்டார். அங்கே ரேகை எவ்வளவு தெரிந்தாலும் அழகுதான். இன்னும் இரண்டு சின்னக் கட்டைகளை அணியத்தின் உள்ளே, பட்டைகளுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் வைத்து ஒட்டினார். அடிக்கட்டையில் ஊசி மாதிரி ஒரு துளை போட்டு, அம்மாவின் அறுந்த கொலுசிலிருந்து வெட்டிய ஒரு துணுக்கு வெள்ளியையும் அடித்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்லவில்லை. உப்புத்தாள் போடும்போது நான் பார்த்தேன்.

வலப்பக்கம் பதினொரு பட்டை ஆகிவிட்டது. இடப்பக்கமும் பதினொன்று. பன்னிரண்டாவது கிளிப்பில் காய்ந்துகொண்டிருக்கிறது.